பூனை மோந்த மருந்து

"அந்தப் பொம்பளை கம்பி எண்ணணும். அதுக்கு என்ன சாட்சி வேணுமோ அதைக் கொண்டு வாங்க."

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. கையில் இருந்த பேனாவை மட்டும் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். குழந்தைகள் வார்டை ஒட்டிய சின்ன அறை அது. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் பட்டாளம். ராணுவத்தை விட்டு வந்தவர் என்பதால் அந்தப் பெயர். துப்பறிகிறது தொழில். வருஷம் பூராவும் ஜலதோஷம், கைக்குட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இன்னொருவன் அவருடைய கையாள் ரேடியோ. முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வாய் நிற்காததால் வேலை நிலைக்கவில்லை.

"வரிசையா சொல்லுங்கம்மா," என்றார் பட்டாளம் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"உள்ள ஒரு பொண்ணு படுத்திருக்கா. சின்ன வயசுலயே வர்ற சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டா ஓடுவா, ஆடுவா, பள்ளிக்கூடம் போவா. போடலேன்னா மூச்சு வாங்கும், மயங்குவா, அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டா. நடுவுல வேற வழி கிடையாது. இங்க கொண்டு வந்து எங்க மருந்தைப் போட்டா எழுந்து உட்கார்ந்துடறா. வீட்டுக்கு அனுப்பினா திரும்ப ஸ்ட்ரெச்சர்ல வர்றா. இங்க வேலை செய்யற மருந்து அங்க மட்டும் ஏன் வேலை செய்யல?"

"அங்க போடறதில்ல," என்றான் ரேடியோ.

"அதேதான். அம்மாக்காரி சலவைக்கூடத்துல வேலை பாக்கறா. புருஷனை விட்டுப் பிரிஞ்சு வந்தவ. அவர் மீனுக்கு ஐஸ் கிடங்கு வச்சிருக்கார். வாராவாரம் மருந்து வாங்கிக் குடுக்கறது அவர்தான், ஒரு வாரம் தவறினதில்ல. இவ செய்ய வேண்டியது ஊசியைப் போடறது மட்டும். அதையும் செய்யல. வார்டுல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன், நீயெல்லாம் ஒரு தாயான்னு. கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல. அந்த மனுஷன் வரும்போதெல்லாம் அழறார்."

"அழுகைக்கு மார்க் போட்டா எங்க அண்ணன்தான் முதல் ரேங்க் டாக்டரம்மா. விடியறதுலேர்ந்து ஒழுகும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முன்னாடி ஒரு பையன் இருந்தான். இதே மாதிரிதான். அவங்கம்மாவை உட்கார வச்சு, கவனமா பாத்துக்கோங்கன்னு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேன். திரும்பி வரும்போது முகத்தை மூடித் தூக்கிட்டு வந்தாங்க. அதோட நல்ல வார்த்தை முடிஞ்சுது. இன்னைக்கு மதியம் குழந்தை நலக் குழு இங்கயே கூடுது. பிள்ளையை அப்பன்கிட்ட குடுத்துடுங்கன்னு சொல்லப் போறேன். அவளை விடக்கூடாது."

பட்டாளம் மூக்கைச் சிந்தினார். "பிள்ளை உடம்புல ஊசி குத்தின தடம் இருக்காம்மா?"

"இருக்கு. வயிறு, தொடை எல்லாம். இங்க வர்றப்போ கணக்குக் காட்டக் குத்திக் கூட்டிட்டு வருவாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"எல்லாம் புதுத் தடமா?"

பேனா பாதியில் நின்றது. "பழசும் இருக்கு. புதுசும் இருக்கு."

"கணக்குக் காட்டக் குத்தினதுன்னா எல்லாம் புதுசா இல்ல இருக்கணும்?"

வெளியே ஏதோ குழந்தை சிணுங்கியது.

"அப்போ மருந்தைக் கெடுத்திருக்கா," என்றார் டாக்டரம்மா. அவர் பிடியை விடுவதாக இல்லை. "அந்த நீராவிக்குள்ள வச்சிருந்தா மருந்து செத்துப் போகும். பாட்டிலைப் பார்த்தா தெரியாது. அதுவும் அலட்சியம்தானே?"

"அலட்சியம்தான். அவளோடதா இருந்தா," என்று எழுந்தார் பட்டாளம்.

சலவைக்கூடத்துக் கதவைத் திறந்ததும் வெந்நீரை முகத்தில் ஊற்றியது போல் இருந்தது. பெரிய பானை போன்ற சலவை இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. ஓட்டல் விரிப்பும் ஆஸ்பத்திரி விரிப்பும் மலை மலையாகக் குவிந்திருந்தன. ஒல்லியான ஒரு பெண் நீளமான விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து உதறினாள். எதிர்முனையில் நின்றவள் மடித்துக்கொண்டே வந்தாள். ஆள் வந்தது தெரிந்தும் ஒல்லிப்பெண் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின்னால் குவிந்துவிடும். உடம்பு உழைக்கிற எல்லா இடத்திலும் அதே கதைதான்.

"டாக்டரம்மா அனுப்பினாங்களா?" என்றாள். "பிடிச்சுட்டுப் போகவா?"

"கேக்க வந்தோம்மா. ஊசி போடறீங்களா?"

"போடறேன்." இன்னொரு விரிப்பை எடுத்தாள். "இன்னைக்கு மட்டும் வேண்டாம்மான்னு கெஞ்சுவா. ரெண்டு காலையும் என் முட்டிக்கு நடுவுல இடுக்கி வச்சுப் போடுவேன். முடிஞ்சதும் என்னைப் பார்க்க மாட்டா, சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவா. போதுமா?"

"அங்க அழல, அதான் டாக்டரம்மாவுக்குக் கோபம்," என்றான் ரேடியோ.

"அழுதா பிள்ளை பயப்படும். இங்க அழுதா துணியில கறை படும். வேற எங்க போய் அழறது, நீங்களே ஒரு இடம் சொல்லுங்க."



மருந்தை எங்கே வைக்கிறாள் என்று பட்டாளம் கேட்டார். வேலை நேரத்தில் கேன்டீன் ஃபிரிட்ஜ், வீட்டில் கீழ்வீட்டு ஃபிரிட்ஜ், நடுவில் ஈரத்துணி சுற்றிய டப்பா என்றாள். கேன்டீன் நீராவிக்கு எட்டாத பின்பக்கம் இருந்தது. குளுகுளு என்று இருந்தது. டாக்டரம்மாவின் சூட்டுக் கதை அங்கேயே ஆறிப்போனது.

ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறப் பூனை காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இது யாரு, கேன்டீன் மேனேஜரா?" என்றான் ரேடியோ.

மடித்துக்கொண்டே வந்த தோழி வாசலில் இருந்து சிரித்தாள். "இவ மருந்து கொண்டு வந்தா இதுவும் வந்துடும். மத்த நாள்ல இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. பூனைக்கும் சர்க்கரை போலன்னு கிண்டல் பண்ணுவோம்."

பட்டாளம் கைக்குட்டையை இறக்கினார்.

ஃபிரிட்ஜில் இரண்டு பொருள் இருந்தது. ஒன்று, போன வாரத்து மருந்து அட்டைப்பெட்டி. பாதி தீர்ந்த பாட்டில் அதில் இருந்தது. இன்னொன்று, அன்று காலையில் கிடங்கு வாசலில் வாங்கி வந்த இந்த வாரத்து மருந்து. புதுப் பிளாஸ்டிக் பை, இறுக்கமான முடிச்சு. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எதற்கு வாங்கினாய் என்று கேட்டார் பட்டாளம்.

"வாங்கலேன்னா, மருந்து வாங்கக்கூட வரலன்னு போய்ச் சொல்லுவார்."

அட்டைப்பெட்டியை ரேடியோ கையில் எடுத்ததுதான் தாமதம், பூனை அவன் முழங்காலைப் பிடித்து ஏறியது. உதறினான். மறுபடி ஏறியது. பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த விளக்கத் தாளை உருவி மூக்கில் வைத்தான்.

"அண்ணே. மீன்."

"எனக்குத் தெரியல," என்றார் பட்டாளம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும். உலகத்துலயே மோப்பம் பிடிக்காத துப்பறியும் ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கும் தெரியாது," என்றாள் அம்மா. "இந்த வெளுப்புத் தண்ணியில மூக்கு செத்துப் போச்சு. ஏன், மீன் இருந்தா என்ன? அவரு கை மீன் கைதானே."

"கை பட்டா வெளிப்பக்கம் நாறும்மா," என்றார் பட்டாளம் மெதுவாக. "உள்ள மடிச்ச காகிதம் நாறுதுன்னா, பெட்டி கிடந்த இடம் நாறின இடம். ரேடியோ, அந்த முடிச்சை அவிழ்க்காதே. பையை அப்படியே டாக்டரம்மாகிட்ட குடுத்து ஃபிரிட்ஜுல வைக்கச் சொல்லு. பெட்டி என்கிட்ட இருக்கட்டும். நேரா கிடங்குக்கு வந்துடு."

"பூனை?"

"அது வேலையை அது முடிச்சுடுச்சு."

ஐஸ் கிடங்கில் இருவரும் மொத்தமாக மீன் வாங்க வந்தவர்களாகப் போய் நின்றார்கள். கிடங்குக்காரர் தாட்டியான ஆள். சிரித்த முகம். வேலையாட்கள் பெட்டி தூக்கித் தூக்கிக் கூன் விழுந்து நின்றார்கள். இவர் மட்டும் நேராக நின்றார்.

"என்கிட்ட கெட்ட சரக்கே கிடையாது தலைவரே," என்றார். "நேத்துப் பிடிச்சதும் போன மாசம் பிடிச்சதும் இங்க ஒண்ணுதான். கல்லு மாதிரி உறைய வச்சு, இளக விட்டு, புதுத்தாள்ல சுத்திட்டா எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"மூக்கு சொல்லிடாதா?" என்றார் பட்டாளம்.

"எந்த மூக்கு? எனக்கு மீன் வாசனை தெரிஞ்சே பல வருஷமாச்சு. அதனாலதான் நிம்மதியா சாப்பிடறேன்." விழுந்து விழுந்து சிரித்தார். பட்டாளமும் கூடவே சிரித்துவைத்தார்.

மீன் பொறுக்குகிற சாக்கில் ரேடியோ உள்ளே போனான். பட்டாளம் கொடுத்த அட்டைப்பெட்டி அவன் சட்டைக்குள் இருந்தது. திரும்பி வரும்போது பல் தந்தி அடித்தது. மீன் பிடிக்கவில்லை என்று சொல்லி இருவரும் தெருவுக்கு வந்தார்கள்.

"கடைசி அறை அண்ணே. எலும்பு வரைக்கும் குளிருது. சுவத்துப் பலகை முழுக்க பஞ்சு மாதிரி வெள்ளை வெள்ளையா பனி. ஒரு மூலையில மட்டும் கட்டம் போட்ட மாதிரி ஒரு இடம் பனியே இல்லாம பளிச்னு இருக்கு. விடியக்காலையிலதான் எதையோ எடுத்திருக்கான். நம்ம பெட்டியை வச்சுப் பார்த்தேன். அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி பொருந்துது."

பட்டாளம் தும்மவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் தும்மல் நிற்கும்.

"திரும்பிப் போவோம்," என்றான் ரேடியோ. "ஒரே ஒரு அடி. ஐஸ் உடைக்கிற கடப்பாரை அங்கயே இருக்கு."

"அடிச்சா வீங்கும். நாலு நாள்ல வத்திடும். இவனுக்கு வத்தாத அடி வேணும்."

போனில் விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா சொன்னார்: "உறைஞ்சு இளகின இன்சுலினை நம்பவே முடியாது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், உடம்புக்குள்ள போனா ஒண்ணும் செய்யாது. நான் சூட்டைப் பத்திக் கேட்டேன். குளிரைப் பத்தி யாரையும் கேக்கல. மருந்து யார் கையிலேர்ந்து வருதுன்னும் கேக்கல. பரிசோதனைக்கு அனுப்பறேன். ஆனா பதில் வர நாளாகும். குழு மதியமே கூடுதே."

"கூடட்டும்மா. இடத்தை மட்டும் மாத்துங்க. ஆஸ்பத்திரி வாசல் தெரியற மாதிரி ஜன்னல் இருக்கற அறை வேணும். குழுத் தலைவிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வாசல்ல ரெண்டு போலீஸ்காரங்க நிக்கட்டும்."

"பிள்ளை?"

"வார்டை விட்டு அசையக் கூடாது."

மதியம் குழு கூடியது. தலைவி வெள்ளை முடி அம்மா. நல்ல சட்டை போட்டு வந்திருந்த கிடங்குக்காரர், உட்காரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே அம்மா சலவைக்கூடத்து உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். 'யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதீங்க' என்று பட்டாளம் அவளிடம் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. அவள் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பிள்ளையை அப்பாகூட அனுப்பறதா யோசிச்சிருக்கோம்," என்றார் தலைவி. "இன்னைக்கு சாயங்காலமே."

நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா வாயைத் திறக்கவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும்மா," என்று கைகூப்பினார் கிடங்குக்காரர். கண்ணீர் தாடை வரை இறங்கியது.

டாக்டரம்மா பிளாஸ்டிக் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இந்த வாரத்து மருந்து. காலையில நீங்களே முடிச்சுப் போட்டுக் குடுத்தது. அந்தம்மா அவிழ்க்கல, நேரா எங்க ஃபிரிட்ஜுக்கு வந்துடுச்சு. சாயங்காலம் இதையே போடுங்க. நாளைக்குக் காலையில ரத்தம் பார்ப்பேன். சர்க்கரை ஏறியிருந்தா, போட்டது யாருன்னுதான் கேப்பேன்."

"கண்டிப்பா டாக்டரம்மா." ஒரு கணம் பையைப் பார்த்தார். அப்புறம் எடுத்துக்கொண்டார். "வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்துடறேன். இதோ வந்துட்டேன்."

அவர் போனதும் பட்டாளம் ஜன்னல் திரையை ஓரமாக ஒதுக்கினார்.

"எல்லாரும் இப்படி வாங்க. நீங்களும் வாங்கம்மா. பேச வேண்டாம், பாருங்க."

கீழே கிடங்குக்காரர் வாசலைத் தாண்டினார். வண்டி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. குப்பைத்தொட்டி அருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். கையில் இருந்த பையை உள்ளே போட்டார். அசிங்கத்தை மிதித்துவிட்டவர் போல விறுவிறுவென்று நடந்து, தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தார்.

"காலையில தானே கட்டின மருந்து," என்றார் தலைவி, தனக்குத்தானே சொல்வது போல.

"தன் பொறுப்புல பிள்ளை வந்ததும் அது குப்பைக்குப் போகுது," என்றார் பட்டாளம். "அவ பொறுப்புல இருந்தப்போ அது மருந்து."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அவளுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

கிடங்குக்காரர் திரும்பி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. முடிச்சுகூடப் போட்டிருந்தார்.

"வண்டி ரெடிம்மா."

"அந்தப் பை நான் குடுத்ததுதானே?" என்றார் டாக்டரம்மா.

"அதேதான். வேற ஏது?"

கதவு திறந்தது. கீழே காத்திருந்த ரேடியோ உள்ளே வந்தான். முழங்கை வரை குப்பை அப்பியிருந்தது. இரண்டு விரலில் பழைய பையைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"கிடங்கு அண்ணே, இதைக் கீழ விட்டுட்டீங்க. தொட்டியில ஒரு பூனை என்கூட மல்லுக்கட்டுது, உங்க சரக்குன்னா அதுங்களுக்கு அவ்வளவு பிரியம்."

யாரும் சிரிக்கவில்லை. கிடங்குக்காரர் இரண்டு பையையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணீர் குழாயை மூடியது போல நின்றிருந்தது.

"கடைசி அறை, மூலைப் பலகை," என்றார் பட்டாளம். "பனி படியாத கட்டம். உறைய வச்சு, இளக விட்டு, புதுப்பையில சுத்திட்டா எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க தலைவரே. மீனைச் செய்யற மாதிரியே செஞ்சிருக்கீங்க."

அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார். பேசியபோது குரலில் வருத்தம் இல்லை, தோற்ற எரிச்சல்தான் இருந்தது.

"பிள்ளை சாகணும்னு நான் நினைக்கல. ஆஸ்பத்திரிக்குத்தான் வரும், நீங்க காப்பாத்திடுவீங்க. என்னை விட்டுட்டுப் போனாளே, அவ கையில பிள்ளை நிக்காதுன்னு ஊருக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"காப்பாத்தறது எங்க வேலை," என்றார் டாக்டரம்மா. "அதை நம்பி நீ கொன்னுட்டிருந்தே."

அம்மா ஜன்னலை விட்டு வந்தாள். கணவனுக்கு எதிரே நின்றாள். ரேடியோ ஒரு அடி முன்னால் வந்தான், பட்டாளம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொரு நாளும் குத்தினேன்," என்றாள். "கெஞ்சக் கெஞ்சக் குத்தினேன். வலிக்குதும்மான்னா, வலிச்சாத்தான் நல்லாகும்னு சொன்னேன். வெறும் தண்ணியையா குத்தினேன்? அத்தனை குத்தும் வெறும் வலிதானா?"

அவர் தலையைத் திருப்பினார்.

"இந்தப் பக்கம் பாரு. என் முகத்தைப் பார்க்காம என் பிள்ளை சுவத்தைப் பார்த்துப் படுத்துச்சு. நீயாவது பாரு."

போலீஸ்காரர்கள் மேலே வந்தார்கள். டாக்டரம்மா தலைவியிடம் திரும்பினார்.

"நான் சொன்னதை மாத்திக்கறேன். யார் அழறாங்கன்னு பார்த்தேன். ஊசித் தடம் என்ன சொல்லுதுன்னு பார்க்கல. அந்தப் பையனுக்குப் பழி வாங்கறேன்னு நினைச்சு, தப்பான ஆளைப் பிடிச்சேன்." பிறகு அம்மாவிடம், "என்னை மன்னிச்சிடுங்க," என்றார்.

"இங்க வேண்டாம்," என்றாள் அம்மா. "நீயெல்லாம் ஒரு தாயான்னு வார்டுல வச்சுக் கேட்டீங்க. அத்தனை பேரும் கேட்டாங்க. இதையும் அங்கயே சொல்லுங்க."

ரேடியோ பட்டாளத்தின் காதில், "அண்ணே, இந்தம்மா நம்மளை விடப் பெரிய ஆளு," என்றான். பட்டாளம் தும்மினார். கோபம் இறங்கிவிட்டது.

வார்டில், கட்டில்களுக்கு நடுவே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி டாக்டரம்மா அதைச் சொன்னார். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை.

ஊசி போடும் நேரம். நர்ஸ் ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து வந்தாள். "நானே போடறேன்," என்று அம்மா கையை நீட்டினாள். பெண் அவளைப் பார்த்ததும் காலைச் சுருக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு மட்டும் வேண்டாம்மா."

"இன்னைக்குக் கட்டாயம் வேணும் தங்கம். இதுவரைக்கும் வெறுமனே வலிச்சுது. இனிமே வலிச்சா நல்லாகும். அம்மா மேல சத்தியம்."

வார்டுக்கு வெளியே நடைபாதை. நடுவில் கண்ணாடிச் சுவர். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் கிடங்குக்காரர் அந்த வழியாகத்தான் வந்தார். கண்ணாடிக்கு நேராக வந்ததும் அவர் கால் தானாக நின்றது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுக்கப் போனாள்.

"இழுக்காதீங்க," என்றாள் அம்மா, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. திரும்பிப் பார்க்கவில்லை. "அவரு பார்க்கட்டும்."